வேப்பிலைக் கொத்தும் தகரத் தடுப்பும்

1899ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் தேதி, கல்கத்தாவிலிருந்து வந்த ‘கோல்கொண்டா’ என்ற கப்பல் சென்னைத் துறைமுகத்தில் நின்றது. கப்பலில் சுவாமி விவேகானந்தர் இருந்தார்; கூடவே சுவாமி துரியானந்தரும் சகோதரி நிவேதிதையும். இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான், 1897 பிப்ரவரியில், இதே சென்னை அவரைக் கொண்டாடித் தீர்த்திருந்தது. எழும்பூரில் வந்து இறங்கியவரை வண்டியில் ஏற்றி, வழியில் குதிரைகளை அவிழ்த்துவிட்டு, ஜனங்களே ஐஸ் ஹவுஸ் வரை இழுத்துக்கொண்டு போனார்கள். அந்த மனிதருக்கு இந்தத் தடவை கரையில் கால் வைக்க அனுமதி கிடைக்கவில்லை. கல்கத்தாவில் பிளேக். அங்கிருந்து வரும் இந்தியர்கள் சென்னையில் இறங்கக் கூடாது என்பது விதி.

ஊர்ப் பெரியவர்கள் அரசாங்கத்துக்கு விண்ணப்பம் போட்டுப் பார்த்தார்கள். பலிக்கவில்லை. காத்திருந்த ஜனங்கள் படகு பிடித்துக் கப்பல் அருகே போய், பழங்களையும் தின்பண்டங்களையும் மேலே கொடுத்தனுப்பிவிட்டு, அண்ணாந்து பார்த்துப் பேசினார்கள். அவர் மேல்தளத்தில் நின்றபடி பதில் சொன்னார். திருவல்லிக்கேணி அளசிங்கப் பெருமாளுக்கு மட்டும் அது போதவில்லை. கொழும்புக்கு ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு கப்பலிலேயே ஏறிவிட்டார். விதி இறங்குவதைத்தான் தடுத்தது, ஏறுவதைத் தடுக்கவில்லை!

மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்த எனக்கு இந்தக் கதை சின்ன வயதிலிருந்தே தெரியும். ஆனால் அதன் இன்னொரு பாதி 2020ல்தான் மனத்தில் பட்டது. அதற்கு முந்தைய வருஷம், 1898 மே மாதம், கல்கத்தாவில் பிளேக் பீதி கிளம்பியபோது டார்ஜிலிங்கில் இருந்த விவேகானந்தர் திரும்பி வந்து, ஜனங்களுக்கு ஒரு அறிக்கை எழுதினார். வங்காளியிலும் இந்தியிலும் அச்சடித்து வினியோகித்தார்கள். அந்த அறிக்கையில் மிரட்டல் கிடையாது. பயப்படாதீர்கள் என்று ஆரம்பிக்கிறது. வீட்டையும் முற்றத்தையும் சாக்கடையையும் படுக்கையையும் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள், பழைய சோற்றைச் சாப்பிடாதீர்கள், வதந்தியை நம்பாதீர்கள், யாருக்கும் கட்டாயமாக ஊசி போடப்போவதில்லை, ஆஸ்பத்திரியில் உங்கள் ஆசாரத்துக்கும் பெண்களின் மரியாதைக்கும் குறை வராமல் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், துணையில்லாதவர்கள் மடத்துக்குச் சொல்லியனுப்புங்கள் என்று போகிறது. அடுத்த ஆண்டு நிவேதிதையே துடைப்பத்தை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். அப்படி ஊருக்கு எடுத்துச் சொன்னவர், சென்னையில் தனக்கே விதி வந்தபோது கப்பலை விட்டு இறங்கவில்லை. பிற்பாடு பயணக் கட்டுரையில் அதைக் கேலியாக எழுதினார், அது வேறு விஷயம்.

இதெல்லாம் எனக்கு ஏன் முக்கியமாகப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். 2020ல் நானும் மனைவியும் அடையாறு பக்கம் ஒரு முதியோர் குடியிருப்பில் இருந்தோம், இப்போதும் அங்கேதான். ‘முதியோர் இல்லம்’ என்றால் அங்கே பலருக்குக் கோபம் வரும். அது பிள்ளைகள் கைவிட்டவர்களுக்காம்; இது ‘சீனியர் லிவிங்’காம். பெயர் எதுவானாலும் பொதுச் சாப்பாட்டுக் கூடம், ஒரு லிஃப்ட், நீண்ட வராந்தா, எழுபது பேர். எழுபது பேரும் அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள். அரசாங்கம் ‘65 வயதுக்கு மேற்பட்டோர் வீட்டை விட்டு வெளியே வர வேண்டாம்’ என்று சொன்னபோது, மற்ற வீடுகளில் அது ஒரு தாத்தாவையோ பாட்டியையோ குறித்தது. எங்கள் கட்டடத்தில் அது எல்லோரையும் குறித்தது. அமெரிக்காவில் வாஷிங்டன் மாகாணத்துக் கிர்க்லாந்தில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் தொற்று புகுந்து ஒருவர்பின் ஒருவராகப் போனதையும், ஸ்பெயினில் ராணுவத்தினர் சில இல்லங்களுக்குள் போனபோது கவனிப்பாரற்றுக் கிடந்த முதியவர்களைக் கண்டதையும் அந்த மார்ச் மாதமே செய்தியில் படித்திருந்தோம். எங்களில் பாதிப் பேருக்குப் பிள்ளைகள் அந்த ஊர்களில்தான். ராத்திரி பதினொரு மணிக்குப் போன் வரும்: ‘அப்பா, ரூமை விட்டு வெளியே போகாதே.’

அப்படியும் விதிகளைக் கடைப்பிடிக்க வைப்பது எளிதாக இல்லை. எங்களில் நான்கு பேரை நிர்வாகம் ஒரு சின்னக் குழுவாகப் போட்டது. என்ன சொன்னால் பெரியவர்கள் கேட்பார்கள் என்று மண்டையை உடைத்துக்கொண்ட அந்த நாட்களில்தான் பழைய கொள்ளைநோய்க் கதைகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நமக்கு முன்னால் இதே தலைவலி பட்டவர்கள் இந்த ஊரிலேயே இருந்திருக்கிறார்கள்.

முதலில், எப்படிச் செய்யக் கூடாது என்பதற்குப் புனா. 1897 பிப்ரவரியில் பிரிட்டிஷ் அரசு கொள்ளைநோய்ச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 2020ல் தூசி தட்டி எடுத்த சட்டம் அதேதான். அதன் பலத்தில் புனாவில் வால்டர் ராண்ட் என்ற அதிகாரி சிப்பாய்களை வீடு வீடாக அனுப்பினார். சமையலறை, பூஜை அறை என்று பார்க்காமல் நுழைந்தார்கள். பெண்களை வெளியே வரச் சொல்லிப் பரிசோதித்தார்கள். தட்டுமுட்டுச் சாமான்களை எரித்தார்கள். நோயைவிட நோயைத் தடுக்க வந்தவர்கள்மேல் பயம் அதிகமாகிவிட்டது. ஜனங்கள் நோயாளிகளை ஒளித்துவைத்தார்கள். 1897 ஜூன் 22, விக்டோரியா மகாராணியின் வைரவிழா இரவில், சாபேகர் சகோதரர்கள் ராண்டைச் சுட்டார்கள். சில நாளில் அவர் இறந்துபோனார்.

சென்னை ராஜதானி வேறு வழி பார்த்தது. ‘பிளேக் பாஸ்போர்ட்’ என்று ஒரு சீட்டு. நோய் கண்ட ஊரிலிருந்து ரயிலில் வருகிறவரிடம் அதைக் கொடுத்துவிடுவார்கள். போய்ச் சேர்ந்த ஊரில் பத்து நாள் அதிகாரியிடம் தலைகாட்ட வேண்டும். 2020ல் இ-பாஸுக்கு அலைந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. அதிலும் கெடுபிடிகள் இருந்தன, வாஸ்தவம்தான். ஆனாலும் மனிதனைப் பிடித்து அடைப்பதற்கும், ‘உன் வீட்டிலேயே இரு, தினம் வந்து முகத்தைக் காட்டு’ என்பதற்கும் வித்தியாசம் உண்டு.

இன்னும் நூறு வருஷம் பின்னால் போனால் எல்லிஸ் துரை. 1810 முதல் சென்னைக் கலெக்டராக இருந்தாரே, அதே பிரான்சிஸ் ஒயிட் எல்லிஸ்தான். திருவள்ளுவர் உருவம் போட்ட நாணயம் வெளியிட்டவர், 1818ல் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது ஊரில் 27 கிணறு வெட்டி, அதைச் சொல்லும் கல்வெட்டில் குறளைப் பொறித்தவர். இவர் செய்த இன்னொரு காரியம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பெரியம்மைக்கு ஜென்னர் கண்டுபிடித்த பசுவம்மைத் தடுப்பு 1802 ஜூனில் பம்பாய்க்கு வந்தது. மூன்று வயதுக் குழந்தை ஒன்றுக்கு முதலில் போட்டார்கள். அப்போது குளிர்பெட்டி ஏது? ஒரு குழந்தையின் கையில் எழும்பிய கொப்புளத்து நீரை எடுத்து அடுத்த குழந்தையின் கையில் கீறிவிடுவார்கள். இப்படிக் கைமாறிக் கைமாறித்தான் தென்னாட்டுக்கும் வந்தது. யார் வீட்டுக் குழந்தையின் நீர் யார் வீட்டுக் குழந்தைக்கு என்ற கேள்வி வந்ததும் ஜனங்கள் பின்வாங்கினார்கள். மாரியம்மன் தரும் முத்தை மனிதன் கீறித் தருவதா என்ற தயக்கம் வேறு.

எல்லிஸ் உட்கார்ந்து தமிழிலும் சமஸ்கிருதத்திலும் ஒரு உரையாடல் எழுதினார். தன்வந்திரி கேட்க, சக்தி பதில் சொல்கிறாள். மனிதர்கள்மேல் இரக்கப்பட்டு, பசுவின் மடியிலிருந்து வரும் இந்த அம்மையையும் நானே அருளினேன் என்று அம்மனே சொல்வதுபோல. அம்மனை எதிர்த்துப் பேசாமல் அம்மன் வாயாலேயே பேசவைத்தார். கெட்டிக்காரத்தனம்தான்.

ஆனால் வினை பின்னால் வந்தது. அந்த மாதிரி எழுத்துகளை ஆதாரமாக எடுத்துக்கொண்டு, ‘ஜென்னருக்கு முன்னாலேயே நம் தன்வந்திரி நூலில் அம்மைப்பால் குத்துவது இருக்கிறது’ என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் பலர் பெருமையாக எழுதத் தொடங்கிவிட்டார்கள். வாட்ஸ்அப் வருவதற்கு இருநூறு வருஷம் முன்னாலேயே ஒரு ஃபார்வர்டு! நல்ல நோக்கத்தோடு கட்டிய கதையும் கட்டிய கதைதான். எங்கள் குழுவில் ஒருவர், ‘இரண்டாம் மாடியில் ஒருத்தருக்குப் பாசிட்டிவ்னு சொல்லிடுவோம், பயந்து உள்ளே இருப்பா’ என்று யோசனை சொன்னார். தாம்பரம் டி.பி. சானடோரியத்தில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா குழுவில் இருந்தார். நாங்கள் எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். ‘வேண்டாம் சார். ஒரு தடவை பொய் சொன்னா, நிஜமா வர்ற அன்னிக்கு யாரும் நம்ப மாட்டாங்க.’ எனக்கு எல்லிஸ் ஞாபகம் வந்தது.

கதை கட்டாமலும் வழி உண்டு என்பதற்கு மைசூர். 1805ல் இளவயது மன்னர் கிருஷ்ணராஜ உடையாருக்கு மணமுடிக்க தேவஜம்மணி என்ற பெண் அரண்மனைக்கு வந்தாள். இருவருக்கும் பன்னிரண்டு வயது. மன்னரின் பாட்டி லட்சுமி அம்மணி பெரியம்மையின் கொடுமையைத் தன் குடும்பத்திலேயே பார்த்தவர். புது மருமகளுக்குப் பசுவம்மை குத்தச் சொன்னார். அந்த நாளில் தாமஸ் ஹிக்கி என்ற ஓவியர் மூன்று அரண்மனைப் பெண்களை வரைந்த படம் ஒன்று இருக்கிறது. ஒருத்தியின் புடவைத் தலைப்பு விலகி இடது மேற்கை தெரிகிறது. ஊசி குத்திய இடத்தைச் சுட்டிக்காட்டத்தான் அப்படி வரைந்தது, இது தடுப்பு மருந்துக்கான பிரசாரப் படம் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். ராணியே குத்திக்கொண்டாள் என்ற செய்தி பரவியதும் மற்றவர்களும் முன்வந்தார்கள் என்பது பதிவு. இதே மாதிரி, 1897 ஜனவரியில் பம்பாயில் ஹாஃப்கின் என்ற விஞ்ஞானி தான் தயாரித்த பிளேக் ஊசியை முதலில் தனக்கே போட்டுக்கொண்டார்.

இனி நாம் பார்த்த விஷயத்துக்கு வருகிறேன். என் வயதுக்காரர்களுக்கு அம்மை வீடு நினைவிருக்கும். 1950களில் நாங்கள் முண்டகக்கண்ணி அம்மன் கோயில் பக்கத்துச் சந்தில் குடியிருந்தோம். ஒரு வீட்டு நிலையில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தால் போதும். எந்த இன்ஸ்பெக்டரும் சொல்ல வேண்டாம். பால்காரர் செம்பை எட்டவே வைத்துவிட்டுப் போவார். அந்த வீட்டுக் குழந்தைகள் பள்ளிக்கூடம் வராது. நாங்கள் அங்கே விளையாடப் போக மாட்டோம். வீட்டில் தாளிப்பு வாசனை கிளம்பாது. வெளியூர் போய்வந்தவர்கள் நேராக உள்ளே நுழைய மாட்டார்கள். தலைக்குத் தண்ணீர் விட்டு, அதுவும் மூன்று தடவை விட்டு முடிந்தபிறகுதான் கொத்து இறங்கும். நோய் எத்தனை நாள் பரவும் என்ற கணக்கு அந்த மூன்று தண்ணீரில் ஒளிந்திருந்தது. முக்கியமான விஷயம் இன்னொன்று: அம்மை கண்ட வீட்டை ஒதுக்கினோமே தவிர அவமானப்படுத்தவில்லை. ஆத்தா வந்திருக்கிறாள் என்றுதான் பேச்சு. திண்ணையில் யாராவது இளநீர் வைத்துவிட்டுப் போவார்கள்.

வேப்பிலை பெரியம்மையைக் குணப்படுத்தியது என்று நான் சொல்லவில்லை. எத்தனையோ குழந்தைகள் போயின, எத்தனையோ பேருக்குக் கண் போயிற்று. அதை ஒழித்தது வேப்பிலையல்ல, கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் தயாரித்த அம்மைப்பாலும், கார்ப்பரேஷன் ஆட்கள் வீடு வீடாக வந்து என் தலைமுறையின் கையில் போட்ட தழும்பும்தான். நோயாளியைத் தனியே வைப்பதற்கு மட்டும் ஜனங்களே புரிந்துகொண்டு ஏற்ற ஒரு முறை நம்மிடம் இருந்தது.

2020 கோடையில் சென்னையில் தொற்று வந்த வீட்டு வாசலில் தகரத்தை வைத்து அடித்தார்கள். ‘தனிமைப்படுத்தப்பட்ட வீடு’ என்று ஒரு நோட்டீஸ். என் தம்பி மகள் தி. நகரில் பனகல் பார்க் அருகே இருக்கிறாள். அவள் குடியிருப்பில் ஒரு வீட்டுக்குத் தகரம் வந்ததும் எதிர்வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்திவிட்டார்கள். குப்பையைக்கூட எடுக்க ஆள் வரவில்லை. பலன் என்ன? அடுத்த வீட்டில் காய்ச்சல் வந்தபோது அவர்கள் மூச்சு விடவில்லை. பாராசிட்டமால் போட்டுக்கொண்டு சும்மா இருந்தார்கள். புனாவில் ஒளித்தது மாதிரியேதான். அந்த ஏப்ரலில் கொரோனாவில் இறந்த ஒரு டாக்டரை அடக்கம் செய்யவிடாமல் இதே சென்னையில் ஒரு கூட்டம் ஆம்புலன்ஸைத் தாக்கியதும் நடந்தது. பயத்தை மட்டும் விதைத்தால் இதெல்லாம்தான் முளைக்கும்.

‘நாங்கள்தான் அந்தக் காலத்திலேயே மடி, ஆசாரம்னு தள்ளி இருந்தோமே’ என்று சில பெரியவர்கள் அப்போது பெருமை பேசினார்கள். எனக்கு அது உவப்பாக இல்லை. வெளியே போய்வந்தால் கை கால் கழுவுவது நல்ல பழக்கம், அது வரைக்கும் சரி. அந்த ‘தள்ளி இருப்பது’ யாரை எத்தனை தலைமுறை வாசலில் நிறுத்தியது என்பதும் நமக்குத் தெரியும். கிருமிக்கு ஜாதி தெரியாது.

எங்கள் குடியிருப்புக்கு வருகிறேன். நிர்வாகம் முதலில் ஒட்டிய நோட்டீஸ் இங்கிலீஷில், பொடி எழுத்தில், பன்னிரண்டு விதிகளோடு இருந்தது. ஒவ்வொன்றும் ‘கூடாது’ என்று முடிந்தது. மீறினால் அபராதம் என்று கடைசி வரி. நாற்பது வருஷம் ஆபீஸில் சர்க்குலர் எழுதியவர்களுக்கும், சர்க்குலரை எப்படி மதிக்காமல் இருப்பது என்று தெரிந்தவர்களுக்கும் இது ஒரு சவால் மாதிரி ஆகிவிட்டது. ஒருவர் சிவப்புப் பேனாவால் அதிலிருந்த இலக்கணப் பிழைகளைத் திருத்திவிட்டுப் போயிருந்தார்.

சிஸ்டர் சொன்னார்: ‘யார் மீறுறாங்கன்னு எழுதாதீங்க. ஏன் மீறுறாங்கன்னு எழுதுங்க.’ ஒரு வாரம் எழுதினோம். அதுதான் எங்கள் கண்ணைத் திறந்தது. முகக்கவசத்தை இறக்கி இறக்கிப் பேசியவர்களில் முக்கால்வாசிப் பேர் காது மந்தமானவர்கள். எதிராளியின் உதட்டைப் பார்த்துத்தான் இத்தனை நாள் பேச்சைப் புரிந்துகொண்டிருந்தார்கள். அது அவர்களுக்கே தெரியாது. எல்லோரும் வாயை மூடிக்கொண்டதும் உலகமே ஊமையாகிவிட்டது. ‘கொஞ்சம் இறக்கிட்டுச் சொல்லுங்கோ’ என்று கெஞ்சுவார்கள், எதிரில் இருப்பவரும் இறக்குவார். இது திமிரல்ல. ஆளுக்கொரு சிலேட்டும் பல்பமும் வாங்கிக் கொடுத்தோம். சாப்பாட்டுக் கூடத்துக்குத் தினம் வந்துகொண்டிருந்த ஒரு மாமிக்கு மறதி நோய் ஆரம்பம். கூடம் பூட்டியிருக்கிறது என்று சொன்னது அடுத்த வேளைக்கு நினைவிருக்காது. அவர் அறைக் கதவின் உள்பக்கம், கண்ணில் படும் உயரத்தில், ‘டிபன் இங்கே வரும்’ என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினோம். ‘வெளியே போகக் கூடாது’ என்று எழுதவில்லை. பலன் இருந்தது.

எண்பத்திரண்டு வயது ஏ.ஜி. ஆபீஸ்காரர் ஒருவர் மட்டும் மசியவில்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு காம்பவுண்டு கதவைத் திறந்துகொண்டு எலியட்ஸ் பீச் பக்கம் நடக்கப் போய்விடுவார். ‘எனக்கு இனிமே என்ன பாக்கி? வந்தா வரட்டும்’ என்பார். அவருக்குச் சாவு பயம் காட்டுவதில் அர்த்தமில்லை. உண்மையிலேயே அவருக்கு அது இல்லை. சிஸ்டர் அவரிடம் போய்ச் சொன்னது இது: ‘சார், உங்களுக்குப் பயமில்லைன்னு தெரியும். உங்களுக்குக் காபி கொண்டுவர்ற பொண்ணுக்கு கண்ணகி நகர்ல நாலு வயசுக் குழந்தை இருக்கு. நம்மளுக்கு ஒண்ணும் வரக் கூடாதுன்னுதான் அவ ரெண்டு மாசமா வீட்டுக்குப் போகாம இங்கயே மாடியில படுத்துக்கிறா. நீங்க போய்ட்டு வந்தா அவ இங்க இருந்ததுக்கு அர்த்தமே இல்ல.’

அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை காம்பவுண்டு கதவு திறக்கவில்லை. அன்று பத்து மணிக்கு அவரே ஒரு காகிதத்தோடு என்னிடம் வந்தார். மொட்டை மாடியில் ஆளுக்குக் கால் மணி நேரம் நடப்பதற்கு அட்டவணை. எழுபது பேருக்கும், முட்டி வலிக்காரர்களுக்கு வெயில் ஏறுவதற்கு முன் என்று பார்த்துப் பார்த்துப் போட்டிருந்தார். ஆடிட் பார்த்த கை அல்லவா. அதற்கப்புறம் விதி மீறுகிறவர்களைப் பிடிப்பதில் அவரைவிடக் கடுமையானவர் எங்கள் குடியிருப்பில் கிடையாது. அவரை அடக்குவதே எங்களுக்கு ஒரு வேலையாகிவிட்டது.

அந்தப் பெண்ணைப் போல ஒன்பது பணியாளர்கள் வீட்டுக்குப் போகாமல் தங்கினார்கள். முதியோரைக் காப்பாற்றியது விதிகள் என்று எல்லோரும் எழுதினார்கள். விதியின் முழுப் பாரத்தையும் சுமந்தது இவர்கள். எங்களுக்கு நஷ்டம் கச்சேரியும் கோயிலும்தான். அதுவும் நஷ்டம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்தப் பங்குனியில் கபாலி கோயிலில் அறுபத்துமூவர் இல்லை. செப்டம்பர் 1ஆம் தேதி கோயில்களைத் திறந்தபோதும் 65 வயதுக்கு மேற்பட்டோர் வராமலிருப்பது நல்லது என்றார்கள். மார்கழிக் கச்சேரிகள் கம்ப்யூட்டரில் வந்தன. கைதட்டல் இல்லாத கச்சேரியை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

ஜூலையில் எங்கள் வரிசையில் ஒருவர் மாரடைப்பில் போனார். கொரோனா இல்லை. மகன் நியூஜெர்ஸியில்; வழக்கமான விமானங்கள் கிடையாது. பெசன்ட் நகர் மயானத்தில் நடந்ததை அவன் போனில் பார்த்தான். அந்த மாமி ராத்திரி தனியாக அறையில் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் அவரவர் கதவருகே நின்றோம். ஒருவர் அறைக்குள் இன்னொருவர் போகக் கூடாது என்பது நாங்களே போட்ட விதி. எதிர் அறையில் எண்பத்தாறு வயதில் ஒரு பாட்டி. அவர் மெதுவாகக் கம்பை ஊன்றிக்கொண்டு வராந்தாவைக் கடந்து, உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டார். விடியும்வரை அங்கேயே இருந்தார். குழுவில் நால்வரும் பார்த்தோம், யாரும் தடுக்கவில்லை. காலையில் வெளியே வந்தவர், ‘பதினாலு நாள் என் சாப்பாட்டை வாசல்லயே வெச்சுடச் சொல்லு’ என்று என்னிடம் சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்ப் பதினாலு நாளும் வெளியே வரவில்லை. அதை விதி மீறல் என்று எங்கள் நோட்டில் எழுதவில்லை.

2021 மார்ச் 1ஆம் தேதி அறுபது வயதானவர்களுக்குத் தடுப்பூசி ஆரம்பித்தது. தனியார் ஆஸ்பத்திரியில் ஒரு ஊசிக்கு 250 ரூபாய். கோவின் தளத்தில் பதிவு செய்வதை அமெரிக்காவிலிருந்தே பிள்ளைகள் முடித்துவிட்டார்கள். கையை நீட்ட வைப்பதுதான் பாக்கி. எங்கள் குடியிருப்பின் மூத்தவர், தொண்ணூற்றொரு வயதுப் பாட்டி, முதல் நாளே போய்க் குத்திக்கொண்டு வந்தார். மறுநாள் காலையில் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற வருகிற எல்லோரிடமும் ‘எனக்கு ஒண்ணும் ஆகலை, பாத்துக்கோ’ என்று கையைக் காட்டினார். மைசூர் ராணியின் படத்தைப் பற்றி அவருக்கு நான் சொன்னதில்லை.

ஏப்ரல் 15ஆம் தேதி நடிகர் விவேக், மற்றவர்களுக்குத் தைரியம் வரட்டும் என்று ஓமந்தூரார் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் எல்லோர் முன்னிலையிலும் ஊசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17ஆம் தேதி காலை இறந்துபோனார். ஊசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர்கள் அப்போதே சொன்னார்கள்; மத்திய அரசின் குழுவும் ஆராய்ந்து பிறகு அதையே சொன்னது. ஆனால் அந்த வாரம் எங்கள் வராந்தாவில் அதைச் சொல்லிப் புரியவைப்பது லேசாக இருக்கவில்லை. இரண்டாவது ஊசி பாக்கியிருந்தவர்கள் தள்ளிப்போட்டார்கள். சிஸ்டர் ஒவ்வொரு அறையாகப் போய், நாற்காலியில் உட்கார்ந்து, அவரவர் மாத்திரைப் பெட்டியைப் பார்த்து, ரத்த அழுத்தம் பார்த்து, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார். ஒரு அறைக்கு அரை மணி நேரம் ஆனது. வேறு குறுக்குவழி இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

மே மாதம், இரண்டாம் அலையில், எங்கள் குடியிருப்பிலும் நுழைந்துவிட்டது. ஆறு பேருக்கு வந்தது. ஐந்து பேர் பிழைத்தார்கள். போனவர் எல்லா விதிகளையும் அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தவர். கணக்கு அப்படியும் இருக்கிறது. அறைகளுக்கு நாங்கள் தகரம் அடிக்கவில்லை. தொற்று வந்த ஆறு கதவிலும் காபி கொண்டுவரும் அந்தப் பெண் ஆளுக்கொரு வேப்பிலைக் கொத்தைக் கட்டிவிட்டாள். யாரும் அவளிடம் சொல்லவில்லை. அதைப் பார்த்த பெரியவர்கள் எட்ட நின்று, கதவைத் தட்டாமல், வாசலில் இளநீரும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் வைத்துவிட்டுப் போனார்கள்.

கிண்டியில், கிங் இன்ஸ்டிட்யூட் வளாகத்தில், முதியோர் மருத்துவத்துக்கென்றே ஒரு பெரிய கட்டடம் எழும்பியிருந்தது. 2020 ஜூலையில் அதை 750 படுக்கைகளோடு கொரோனா ஆஸ்பத்திரியாகத் திறந்தார்கள். கட்டிய காரியத்துக்கு, தேசிய முதியோர் நல மையமாக, அது திறக்கப்பட்டது 2024 பிப்ரவரியில். இப்போது எங்கள் குடியிருப்பிலிருந்து மாதம் ஒரு வேன் அங்கே போகிறது. போன மாதம் காது மந்தமான நண்பர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போனோம். காது மெஷின் வாங்கிவிட்டார், ஆனால் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார். கொரோனா காலத்துச் சிலேட்டைத்தான் இன்னமும் நீட்டுகிறார். எழுதச் சொன்னால்தான் எல்லோரும் சுருக்கமாகப் பேசுகிறார்களாம்.